தம்பிக்கு என் டி-செல்கள் ஏன் உதவாது?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு வயது 31. ரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தார்கள். முழுப் பொருத்தம் என்று சொல்லி என்னிடமிருந்துதான் செல்களை எடுத்தார்கள். இரண்டரை மாதம் ஆகிறது. புற்றுநோய் இப்போது இல்லை என்கிறார்கள். ஆனால் சிஎம்வி என்ற வைரஸ் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது. கான்சிக்ளோவிர் போட்டதில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிட்டன. ஃபாஸ்கார்னெட்டுக்கு மாற்றினார்கள், இப்போது கிரியாட்டினின் ஏறுகிறது. தோலில் தடிப்பும் வயிற்றுப்போக்கும் வந்ததால் பிரட்னிசோலோன் தினமும் 40 மி.கி. கொடுக்கிறார்கள் (எடை 58 கிலோ). வைரஸை எதிர்க்கும் டி-செல்களை ஏற்றலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. என்னிடமிருந்து எடுப்பார்கள் என்று நினைத்தேன். "உங்களுக்கு அந்த வைரஸ் வந்ததே இல்லை, உங்கள் செல்கள் இதற்கு உதவாது, வேறொருவருடையதைத் தேடுகிறோம்" என்றார்கள். நான் கொடுத்ததில் ஏதோ குறை என்றுதானே அர்த்தம்? முன்பின் தெரியாதவரின் செல்கள் அவனைத் தாக்காதா? இதுவும் கார்-டி சிகிச்சையும் ஒன்றா? வேறு வழியே இல்லை என்றால்தான் இதைச் செய்வார்களா? எனக்கு ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் போய்த் தங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: நீங்கள் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதுதான் உங்கள் கடிதத்தில் கனமாக இருக்கிறது.

சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி, உலகின் பெரும்பாலான நாடுகளில் பெரியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதில் சாதாரணக் காய்ச்சல்போல வந்து, வந்ததே தெரியாமல் போய்விடும். ஆனால் உடலை விட்டுப் போகாது. ஆயுள் முழுக்க செல்களுக்குள் பதுங்கியிருக்கும். அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பவை டி-செல்கள் எனும் ஒரு வகை வெள்ளை அணுக்கள். ஒருமுறை ஒரு வைரஸைச் சந்தித்த டி-செல் கூட்டத்தில் ஒரு பகுதி அதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி கண்டால் உடனே பெருகும். உங்கள் தம்பிக்குள் இந்த வைரஸ் ஏற்கெனவே இருந்தது. மாற்று சிகிச்சைக்கு முன் கொடுத்த கடுமையான மருந்துகள், புற்றுநோய்ச் செல்களோடு அவருடைய பழைய டி-செல்களையும் அழித்துவிட்டன. காவலும் போனது.

உங்கள் ஸ்டெம் செல்கள் அவர் எலும்பு மஜ்ஜையில் ஊன்றியதும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் திரும்பிவிடும். டி-செல்கள் அப்படி வருவதில்லை. புதிதாக உருவாகி, பக்குவப்பட்டு, வேலைக்கு வர மாதக்கணக்காகும். பலருக்கு ஒரு வருடமும் தாண்டும். அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பாற்றுபவை, தானம் கொடுத்தவரின் செல்களோடு கலந்து வந்த பக்குவப்பட்ட டி-செல்கள்தான். நீங்கள் சிஎம்வியைச் சந்தித்ததே இல்லை என்பதால், உங்களிடமிருந்து போன டி-செல்களுக்கு அந்த வைரஸ் பற்றிய நினைவே இல்லை. நோயாளியிடம் வைரஸ் இருக்கிறது, தானம் கொடுத்தவரிடம் இல்லை: ஸ்டெம் செல் மாற்றில் சிஎம்வி அதிகம் தொல்லை கொடுப்பது இந்தச் சேர்க்கையில்தான். (சிறுநீரக மாற்றில் இது அப்படியே தலைகீழ். அங்கே வைரஸ் உள்ளவரின் உறுப்பு வைரஸ் இல்லாதவருக்குப் போவதுதான் ஆபத்து.) இது மருத்துவக் குழுவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஏனென்றால் திசுப் பொருத்தம் அதைவிடப் பெரிய விஷயம். நானாக இருந்தாலும் உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். புற்றுநோய் திரும்ப வராமல் இன்று அவர் உடம்பில் காவல் நிற்பவையும் உங்கள் செல்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். கான்சிக்ளோவிரும் ஃபாஸ்கார்னெட்டும் வைரஸ் பெருகுவதை நிறுத்தி வைக்கும். பதுங்கியிருப்பதை ஒழிக்காது. டி-செல்கள் வந்து பொறுப்பேற்கும்வரை நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. முதலாவது மஜ்ஜையை அமுக்கும், இரண்டாவது சிறுநீரகத்தைப் படுத்தும். உங்கள் தம்பிக்கு இரண்டும் நடந்திருக்கிறது. இந்தச் சூழ்நிலையில் வேறொருவரின் தயார்நிலை டி-செல்களைக் கொண்டுவரலாம் என்று அவருடைய மருத்துவர்கள் யோசிப்பது இயல்பான அடுத்த படி.

இந்த யோசனை புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில், தானம் கொடுத்தவரின் ரத்தத்திலிருந்து சிஎம்விக்கு எதிரான டி-செல்களை மட்டும் பிரித்து வளர்த்து நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 1995இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 14 பேர். ஒருவருக்கும் சிஎம்வி நோய் வரவில்லை. அதே காலகட்டத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் நிணநீர்க் கட்டிக்கும் இதே வழி பலன் கொடுத்தது. பிறகு அடினோ வைரஸ், சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு உண்டாக்கும் பிகே வைரஸ், மூளையைத் தாக்கக்கூடிய எச்எச்வி-6 என்று பட்டியல் நீண்டது. இன்று ஒரே தயாரிப்பில் பல வைரஸ்களுக்கு எதிரான செல்களைச் சேர்த்தே செய்கிறார்கள்.

செல்களைத் தயாரிக்க இரண்டு வழி. வைரஸின் புரதத் துணுக்குகளை ஆய்வகத்தில் காட்டி, அவற்றுக்கு எதிர்வினை காட்டும் டி-செல்களை ஒன்றிரண்டு வாரம் வளர்த்துப் பெருக்குவது ஒன்று. தானம் கொடுப்பவரின் ரத்தத்தில் ஏற்கெனவே உள்ள அத்தகைய செல்களைக் காந்தத் துகள் பூசிப் பிடித்து ஓரிரு நாளில் பிரித்தெடுப்பது இன்னொன்று. இரண்டாவது வழிக்கு, பிடிப்பதற்கு ஏதாவது ரத்தத்தில் இருக்க வேண்டும். உங்கள் ரத்தத்தில் இல்லை. முதல் வழியிலும் நினைவே இல்லாத செல்களுக்குப் புதிதாகப் பாடம் சொல்லிக்கொடுப்பது கடினம். அதை ஆராய்ச்சி அளவில் செய்திருக்கிறார்கள், ஆனால் உங்கள் தம்பி காத்திருக்கும் வேகத்துக்கு அது உதவாது. அதனால்தான் மூன்றாம் நபரின் செல்கள். சிஎம்வி வந்து போன ஆரோக்கியமானவர்களிடமிருந்து முன்கூட்டியே தயாரித்து, உறைய வைத்து, செல் வங்கியில் வைத்திருப்பார்கள். பொருந்துவது கிடைத்தால் சில நாட்களிலேயே வந்து சேரும்.

பொருந்துவது என்றால் என்ன? டி-செல்லால் வைரஸை நேரடியாகப் பார்க்க முடியாது. வைரஸ் புகுந்த செல், அந்த வைரஸின் ஒரு துணுக்கைத் தன் மேற்பரப்பில் எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து நீட்டும். தட்டும் துணுக்கும் சேர்ந்து பழக்கமானதாக இருந்தால்தான் டி-செல் அடிக்கும். ஆகவே மூன்றாம் நபருக்கும் தம்பிக்கும் எல்லா எச்எல்ஏவும் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. ஒன்றிரண்டு ஒத்தால் போதும். ஆனால் அந்தச் செல்கள் வைரஸை அடையாளம் காண்பது, ஒத்துப்போகும் அந்த எச்எல்ஏ வழியாகத்தானா என்று பார்த்திருக்க வேண்டும். ஐந்து ஒத்திருந்தும் வேலை நடப்பது ஒத்துப்போகாத ஆறாவது வழியாக என்றால் ஏற்றியும் பயனில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "எத்தனை எச்எல்ஏ பொருந்துகிறது என்பது சரி, சிஎம்விக்கு எதிராக வேலை செய்வது எந்த எச்எல்ஏ வழியாக?" நல்ல வங்கிகள் இந்தத் தகவலைச் சேர்த்தே அனுப்பும்.

அந்நியரின் செல்கள் தாக்காதா என்ற பயம் நியாயமானது. தானம் கொடுத்தவரின் வெள்ளை அணுக்களை வடிகட்டாமல் அப்படியே ஏற்றினால் அந்த ஆபத்து நிஜம். அதற்குள் எல்லா வகை டி-செல்களும் இருக்கும். இங்கே ஏற்றுவது வைரஸுக்கு எதிராகவே பொறுக்கி வளர்த்த கூட்டம், அளவும் மிகக் குறைவு. பல ஆய்வுகளில் உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 2 கோடி செல்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றும், உண்மையில் ஒரு சிரிஞ்சில் அடங்கிவிடும். இதனால் புதிதாக ஜிவிஹெச்டி வருவது, அதாவது தானச் செல்கள் உடலைத் தாக்கும் சிக்கல், அரிதாகவே நடந்திருக்கிறது. ஏற்கெனவே அது இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தூண்டப்படலாம். தோல் தடிப்புக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஸ்டீராய்டு எடுக்கும் உங்கள் தம்பி அந்த வகையில் வரக்கூடும் என்பதால் தோல், கல்லீரல், குடல் மூன்றையும் சில வாரங்கள் கவனமாகப் பார்ப்பார்கள். இன்னொன்று: மூன்றாம் நபரின் செல்கள் நிரந்தரமாகத் தங்காது. சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு மறைந்துவிடும். அதற்குள் உங்கள் செல்களிலிருந்து உருவாகும் புதிய டி-செல்கள் தலையெடுத்துவிட்டால் போதும். தேவைப்பட்டால் மறுபடி ஒருமுறை ஏற்றலாம்.

கார்-டி இதுவல்ல. அதில் டி-செல்லின் மரபணுவையே மாற்றி, செயற்கையான ஏற்பியைப் பொருத்திப் புற்றுநோய்மேல் ஏவுகிறார்கள். இதில் மரபணுவில் கை வைப்பதே இல்லை. கார்-டிக்குப் பின் வரும் கடுமையான காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவது, குழப்ப நிலை பற்றி இணையத்தில் படித்துப் பயந்திருந்தால், அந்த அளவில் இங்கே காண்பது மிக அரிது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு: பிரட்னிசோலோன் 40 மி.கி. ஸ்டீராய்டு டி-செல்களை அழிக்கும். ஏற்றும் செல்களையும் விட்டுவைக்காது. பெரும்பாலான ஆய்வுகள் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி.க்கு மேல் ஸ்டீராய்டு எடுப்பவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. தம்பியின் எடைக்கு அது 29 மி.கி. அவர் எடுப்பது கிலோவுக்கு ஏறக்குறைய 0.7. அதாவது இன்றைக்கே செல்கள் கிடைத்தாலும், இந்த அளவு ஸ்டீராய்டில் ஏற்றினால் வீணாகும் வாய்ப்பு அதிகம். அதற்காக நீங்களாக மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். ஜிவிஹெச்டி சீறினால் அது வைரஸைவிட மோசமாகப் போகலாம். குறைக்க முடியுமா, எவ்வளவு நாளில், அதற்குப் பதில் டி-செல்களை அவ்வளவாகத் தொடாத வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் பேசுங்கள். மாற்று சிகிச்சையின்போது ஏடிஜி அல்லது அலெம்டுசுமாப் கொடுத்திருந்தால் அதன் தேதியையும் கேளுங்கள். அவை ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கி டி-செல்களை அழிக்கக்கூடியவை.

இங்கேதான் அந்த வயிற்றுப்போக்கும் முக்கியமாகிறது. அது ஜிவிஹெச்டியாக இருக்கலாம். சிஎம்வியே குடலைத் தாக்கியதாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி. முதலாவதுக்கு ஸ்டீராய்டு மருந்து, இரண்டாவதுக்கு ஸ்டீராய்டு எரிகிற தீயில் எண்ணெய். ரத்தத்தில் வைரஸ் அளவு குறைவாக இருக்கும்போதே குடலில் நோய் தீவிரமாக இருக்க முடியும், அதனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. எண்டோஸ்கோப்பி செய்து திசு எடுத்துப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்த்திருந்தால் நல்லது. பார்க்கவில்லை என்றால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் அளவு இடம் கொடுக்கும்பட்சத்தில், அதைச் செய்யலாமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கும் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

வேறு வழியே இல்லாதபோதுதான் இதைச் செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நடைமுறையில் பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. நுரையீரல் முழுக்க வைரஸ் பரவி, வென்டிலேட்டரில் இருக்கும்போது ஏற்றினால், செல்கள் பெருகி வேலை செய்ய வேண்டிய வாரங்கள் அந்த நோயாளிக்கு இருப்பதில்லை. சரியான மருந்தை இரண்டு வாரம் கொடுத்தும் வைரஸ் இறங்கவில்லை என்றால் அப்போதே வங்கியில் தேடத் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. தேடுவதால் நஷ்டமில்லை, தேவைப்படாவிட்டால் விட்டுவிடலாம்.

அதே மூச்சில், எதிர்பார்ப்பையும் அளந்து வைக்கச் சொல்கிறேன். 2013இல் வெளியான ஒரு ஆய்வில் மூன்றாம் நபரின் செல்களைப் பெற்ற 50 பேரில் சுமார் 74 சதவீதம் பேருக்கும், 2017இல் ஐந்து வைரஸ்களுக்கு எதிரான செல்களைப் பெற்ற 38 பேரில் 92 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. இணையத்தில் உங்கள் கண்ணில் முதலில் படுவது இந்த எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு கிடையாது. மருந்துகளும் கூடவே ஓடிக்கொண்டிருந்தன, சிலருக்கு ஸ்டீராய்டும் குறைந்துகொண்டிருந்தது. பிறகு போசோலியூசெல் என்ற பல வைரஸ் தயாரிப்பை ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய அளவில் சோதித்தபோது, இலக்கை எட்டும் வாய்ப்பு இல்லை என்று 2023 டிசம்பரில் மூன்று சோதனைகளையும் நிறுத்திவிட்டார்கள். ஆபத்து தெரிந்ததால் நிறுத்தவில்லை. பலன் எதிர்பார்த்தபடி தெரியவில்லை. அதற்கு ஓராண்டு முன்பு, 2022 டிசம்பரில், டாபெலெக்லியூசெல் என்ற தயாரிப்புக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அது எப்ஸ்டீன்-பார் வைரஸ் கட்டிக்கு மட்டும். அதன் முக்கிய ஆய்விலும் பாதிப் பேருக்குத்தான் கட்டி கரைந்தது. மற்ற சிகிச்சைகள் கைவிட்டவர்களில் பாதி என்பது சின்ன விஷயமில்லை. சிஎம்விக்கான செல்கள் பெரும்பாலும் ஆய்வுத் திட்டம் வழியாகவோ, தனிநபருக்கான சிறப்பு அனுமதி வழியாகவோதான் கிடைக்கும். காகித வேலைக்கும் நாள் ஆகும் என்பது சீக்கிரம் தொடங்க இன்னொரு காரணம்.

செல்கள் வரும்வரை வைரஸ் மருந்தை நிறுத்த மாட்டார்கள், வந்த பிறகும் சிறிது காலம் தொடர்வார்கள். மருந்தும் செல்லும் ஒன்றையொன்று கெடுக்காது. கான்சிக்ளோவிருக்கும் ஃபாஸ்கார்னெட்டுக்கும் வைரஸ் பழகிவிட்டதா என்று அதன் மரபணுவில் பார்க்கும் பரிசோதனை உண்டு. யுஎல்97, யுஎல்54 என்ற பகுதிகளில் மாற்றம் இருக்கிறதா என்று தேடுவார்கள். மாரிபாவிர் என்ற மாத்திரையும் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மற்ற மருந்துகளுக்கு அடங்காத சிஎம்விக்கு. மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் அவ்வளவாகத் தொடாது. வாயில் ருசி மாறும். அதைக் கான்சிக்ளோவிரோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, ஒன்று மற்றதன் வேலையைத் தடுத்துவிடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் எடுப்பவராக இருந்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறலாம், அடிக்கடி பார்க்க வேண்டும். ஃபாஸ்கார்னெட் தொடரும்வரை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த மருந்து சிறுநீரில் வெளியேறும்போது பிறப்புறுப்பில் புண் உண்டாக்கலாம். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். இதைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறார்கள், நோயாளியும் வெளியில் சொல்லாமல் அவதிப்படுகிறார்.

செல் ஏற்றும் நாள் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். உறைய வைக்கப் பயன்படுத்தும் திரவத்தால் அவர் மூச்சில் பூண்டு வாசனை ஒரு நாள் இருக்கும். லேசான காய்ச்சல் வரலாம். அடுத்த வாரமே வைரஸ் காணாமல் போகாது. இரண்டு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். வைரஸ் அளவை ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். 1,500 என்பது அடுத்த முறை 2,800 ஆனால் பதற வேண்டாம். இந்தப் பரிசோதனையில் மூன்று மடங்குக்கும் குறைவான ஏற்ற இறக்கம் வெறும் அளவீட்டு வித்தியாசமாக இருக்கலாம். 1,500 என்பது 15,000 ஆனால் அது வேறு. மூச்சு வாங்குவது, மலத்தில் ரத்தம், கண்முன் புள்ளிகள் மிதப்பது அல்லது பார்வை மங்குவது இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே தெரியப்படுத்துங்கள்.

இடையில் யாராவது "இம்யூன் செல் தெரபி" என்ற பெயரில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் ஊசி போடுவதாகச் சொல்வார்கள். திசுப் பொருத்தம் பார்க்காமல், எந்த வைரஸுக்கு எதிரானது என்று சொல்லாமல் ஏற்றும் எதையும் ஜிவிஹெச்டி உள்ள ஒருவரின் பக்கத்தில் விடாதீர்கள்.

கடைசியாக உங்கள் குழந்தை. தம்பியோடு தங்கலாம். சிஎம்வியைப் பொறுத்தவரை அவரிடம் இருப்பது அவருடைய பழைய வைரஸ்தான். சளி, இருமல், காய்ச்சல் இருக்கும் நாட்களில் மட்டும் குழந்தையை அவரிடமிருந்து விலக்கி வையுங்கள். சாதாரண மூச்சுக்குழாய் வைரஸ்களே இப்போது அவருக்குப் பெரிய எதிரி. குழந்தைக்கு ஏதாவது தடுப்பூசி பாக்கி இருந்தால், அது உயிருள்ள வைரஸ் வகையா என்பதைத் தம்பியின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்களுக்கு நீங்களே செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிஎம்வி உங்களுக்கு இதுவரை வரவில்லை. எச்சில், சிறுநீர் வழியாகத் தம்பியிடமிருந்தும் தொற்றலாம், உங்கள் குழந்தைக்கு வெளியில் தொற்றினால் அதனிடமிருந்தும் தொற்றலாம். மற்றபடி பொதுவாக அது உங்களைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பகாலத்தில் முதல்முறையாக வந்தால் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். ஆகவே இன்னொரு குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ, இப்போது நாள் தள்ளிப்போயிருந்தாலோ, தம்பி வீட்டுக்குப் போகும் முன் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இந்த முழுக்கதையையும் சொல்லுங்கள். போன பிறகு அவருடைய பாத்திரம், டவல், பல் துலக்கும் பிரஷ் எதையும் பகிராமல், துணி மாற்றிவிட்ட பிறகும் கழிப்பறைக்கு உதவிய பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும்.